பிரேக் எண்ணெய்: மேலே ஊற்றினால் கீழே போய்ச் சேராது

சர்வீஸ் முடித்துக் காரை எடுத்து வருபவரிடம் பிரேக் எண்ணெய் மாற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள். "கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சாம், ஊத்திட்டாங்க" என்பார். மலேசியாவில் செந்தூல் ஆனாலும் சரி, கிள்ளான் ஆனாலும் சரி, நம்மவர் வீடுகளில் பிரேக் எண்ணெய் பற்றிய அக்கறை பெரும்பாலும் இந்த ஒரு பதிலோடு முடிந்துவிடுகிறது. எஞ்சின் எண்ணெய் எந்த நிறுவனத்துடையது, எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்றெல்லாம் அரை மணி நேரம் பேசுகிறவர்கூட, காரை நிறுத்தும் எண்ணெயின் வயதைச் சொல்ல மாட்டார். எஞ்சின் எண்ணெய் கெட்டால் பணம் போகும். பிரேக் எண்ணெய் கெட்டால் என்ன போகும் என்பது கெந்திங் மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போதுதான் தெரியும்.

ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வேலையை இரண்டு பேர் சேர்ந்து வீட்டு வாசலிலேயே செய்துவிடவும் முடியும்.

ஓடாத எண்ணெய்

எஞ்சின் எண்ணெயை ஒரு பம்பு இடைவிடாமல் சுற்றவிடுகிறது. மேலே புதிதாக ஊற்றினால் சில நிமிடங்களில் எஞ்சின் முழுக்கக் கலந்துவிடும். பிரேக் எண்ணெய் அப்படிச் சுற்றி வருவதில்லை. பானெட்டுக்கு அடியில் ஒரு சிறு தொட்டி, அதன் கீழே மாஸ்டர் சிலிண்டர், அங்கிருந்து சக்கரம் வரை மெல்லிய இரும்புக் குழாய், சக்கரத்துக்குப் பக்கத்தில் வளைந்து கொடுக்கும் ரப்பர் குழாய், கடைசியில் சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இருபக்கமும் பேடுகளால் (தேயும் உராய்வுத் தகடுகளால்) இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர். இந்தப் பாதை முழுக்க எண்ணெய் நிரம்பி நிற்கிறது. காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்துவதுதான் அதன் வேலை. அது இடம் நகர்வது மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு? சிறிய கார் ஒன்றின் முன்சக்கரக் காலிப்பர் பிஸ்டன் 50 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிக்கு அது 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தால், உள்ளே போகும் எண்ணெய் சுமார் 0.4 மில்லிலிட்டர். காலை எடுத்ததும் அதே எண்ணெய் வந்த வழியே திரும்பிவிடுகிறது. அடுத்த மிதிக்கும் அதே துளிதான் போய் வருகிறது. தொட்டியில் நேற்று ஊற்றிய புது எண்ணெய்க்குக் காலிப்பர் வரை போக வழியில்லை. பேட் தேயும்போது மட்டும் மேலே உள்ள எண்ணெய் கொஞ்சம் கீழே இறங்கும். அதுவும் பேட் தேயும் அளவுக்கு, மிக மெதுவாகத்தான்.

தொட்டியில் எண்ணெய் ஏன் குறைகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இருபக்கப் பேடும் தலா 8 மில்லிமீட்டர் தேய்ந்தால் பிஸ்டன் 16 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். அந்த இடத்தை நிரப்ப ஒரு காலிப்பருக்கு 31 மில்லிலிட்டர் வேண்டும், இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து 60 மில்லிலிட்டருக்கு மேல். ஆகவே மேல்கோட்டிலிருந்து எண்ணெய் மெல்ல மெல்லக் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால், பேட் தேய்ந்திருக்கிறது என்று கார் சொல்கிறது. சட்டென்று இறங்கினால் எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் ஊற்றி நிரப்பினால் அந்தத் தகவல் அழிந்துவிடுகிறது. பிறகு புதுப் பேட் மாட்டப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, கூடுதலாக ஊற்றிய எண்ணெய் தொட்டியின் வாய் வழியாக வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். "எண்ணெய் குறைஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால், பாட்டிலை எடுப்பதற்கு முன் பேடைக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது

இன்று நம் கார்களில் இருக்கும் பிரேக் எண்ணெய் உண்மையில் பெட்ரோலிய எண்ணெயே இல்லை. கிளைக்கால் ஈதர் வகை ரசாயனங்களால் ஆனது. 1921-இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் நிறுவனம் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்த காரை விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தத் தொடக்க காலத்தில், விளக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து பயன்படுத்தினார்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும் என்பதே காரணம். அந்த ஆபத்து இன்றும் அப்படியே இருக்கிறது. அவசரத்தில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயையோ பவர் ஸ்டீரிங் எண்ணெயையோ பிரேக் தொட்டியில் ஊற்றிவிட்டால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை உள்ள ரப்பர் அத்தனையையும் மாற்ற வேண்டி வரும்.

கிளைக்கால் ஈதர் ஈரத்தை இழுக்கும். ரப்பர் குழாயின் சுவர் வழியாகவும், தொட்டி மூடியில் காற்றுக்கென விட்டிருக்கும் வழியிலும் ஈரம் சிறுகச் சிறுக உள்ளே போகிறது. காரை ஓட்டாமல் வீட்டில் நிறுத்தி வைத்தாலும் இது நிற்காது. கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. குளிர்நாட்டுக் கையேட்டில் எழுதிய கெடுவை நாம் நீட்டிக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

ஈரத்தை இழுப்பது குறைபாடு போலத் தோன்றும். ஆனால் அது வேண்டுமென்றே ஏற்றுக்கொண்ட குணம். இழுக்காத திரவமாக இருந்தால், புகுந்த தண்ணீர் தனித் துளியாகப் பிரிந்து, பாதையின் தாழ்வான இடமான காலிப்பரில் போய் உட்காரும். அங்கே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். 100 டிகிரியில் கொதிக்கவும் செய்யும். கிளைக்கால் அந்த நீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்கிறது. அதற்கு அது கொடுக்கும் விலை, கொதிநிலை இறங்குவது.

அந்த இறக்கத்துக்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் (சுருக்கமாக டாட்) தரநிலையில் எண்களே இருக்கின்றன. டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 140 டிகிரி வரை தாங்கினால் போதும். டாட் 4-க்கு இவை 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. டாட் 3-ஐ எடுத்துக்கொண்டால், நூறு பங்கில் நான்கு பங்குகூடத் தண்ணீர் சேரவில்லை, அதற்குள் 65 டிகிரி போய்விட்டது.

டாட் 5 மட்டும் வேறு இனம். அது சிலிகானால் ஆனது, ஊதா நிறத்தில் இருக்கும், மற்றவற்றோடு கலக்கக்கூடாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள கார்களுக்கும் ஏற்றதல்ல. 5-க்கும் 5.1-க்கும் எண்ணில் ஒரு புள்ளிதான் வித்தியாசம் என்பதால் கடையில் பாட்டிலை இரண்டு முறை பார்த்து வாங்குங்கள். உங்கள் காருக்கு எது என்பது தொட்டியின் மூடியிலேயே அச்சிட்டிருக்கும். டாட் 3 கேட்கும் பெரும்பாலான கார்களில் டாட் 4 ஊற்றலாம், தடையில்லை. டாட் 4 கேட்கும் காரில் டாட் 3-க்கு இறங்கக்கூடாது. ஐரோப்பியக் கார்கள் சில, பாகுத்தன்மை குறைந்த டாட் 4-ஐத்தான் கேட்கும். அங்கே கையேடு சொல்வதே கடைசிச் சொல்.

கெந்திங்கில் இறங்கும்போது

கெந்திங் உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். அங்கிருந்து காராக் நெடுஞ்சாலையை நோக்கி வரும் ஒரு மைவி காரை எடுத்துக்கொள்வோம். வண்டி, நான்கைந்து பேர், பெட்டிகள் எல்லாம் சேர்த்து 1,300 கிலோ. உயரத்தில் 1,000 மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ 12.7 மெகாஜூல். 40 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இவ்வளவு போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொள்ளும். கியரை டிரைவிலேயே வைத்து, காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்குகிறவருக்கு மீதி முழுவதும் டிஸ்கிலும் டிரம்மிலும்தான் வெப்பமாக இறங்கும்.

டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டுவது மலை இறக்கத்தில் அரிதில்லை. அந்தச் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து அதன் முதுகில் நிற்கும் எண்ணெய்க்கும் போகிறது. மேலே பார்த்த அதே இடம்தான் இது: சுற்றி வராத எண்ணெய், ஆக வயதான எண்ணெய், பக்கத்திலேயே ஈரம் புகும் ரப்பர் குழாய், எல்லாவற்றுக்கும் மேல் காரிலேயே அதிகச் சூடு படும் எண்ணெய். தொட்டியில் தேன் நிறத்தில் தெளிவாகத் தெரிவது இந்த எண்ணெயைப் பற்றி எதுவும் சொல்லாது.

கொதித்தால் ஆவி வரும். எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போகாமல் ஆவிக் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் பஞ்சில் மிதித்ததுபோல அடி வரை போகும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எண்ணெயின் வெப்பம் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் வண்டி நின்ற பிறகுதான். ஓடும்போது டிஸ்கைக் குளிரவைத்த காற்று நின்றுவிடும், டிஸ்கில் தேங்கிய சூடு மெல்லக் காலிப்பருக்குள் இறங்கும். வேகமாக இறங்கி வந்து வழியில் உள்ள கோத்தோங் ஜெயாவில் பத்து நிமிடம் நிறுத்தி, மறுபடி கிளம்பும்போது முதல் வளைவில் பெடல் இறங்குவதற்குக் காரணம் இதுவே. "இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்துச்சு" என்று ஓட்டுநர் திகைப்பார். வண்டி ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி, பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மறுநாள் பட்டறையில் மிதித்துப் பார்த்தால் குறையே தெரியாது.

தாழ்ந்த கியரில் இறங்குவது எந்த எண்ணெய்க்கும் உதவும். அதைக் கட்டாயம் செய்யுங்கள். பழைய எண்ணெய்க்கு அது மாற்று ஆகாது.

நம் நாட்டில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் ஆய்வு கிடையாது. சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பித்தால் போதும். பெயர் மாற்றத்துக்காக வாகன ஆய்வு மையமான புஸ்பாகோம் போகும்போதுகூட உருளைமேல் வைத்துப் பிரேக் பிடிக்கும் விசையைத்தான் அளக்கிறார்கள். ஆறிய பிரேக்கில் பழைய எண்ணெயும் புது எண்ணெயும் ஒன்றுபோலவே பிடிக்கும். அதனால் இந்தக் கெடுவை நினைவில் வைக்க வேண்டியவர் காரின் சொந்தக்காரர் ஒருவரே. பொதுவாகச் சொல்லப்படும் கெடு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. ஹோண்டா போன்ற சில நிறுவனங்கள் தூரத்தைப் பார்க்காமல் 3 ஆண்டு என்று வைத்திருக்கின்றன. நிறத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கறுத்தது கெட்டது என்பது சரி, ஆனால் தெளிவாக இருப்பது நல்லது என்று ஆகாது, தண்ணீருக்கு நிறமில்லை. பேனா போன்ற மலிவான ஈரமானிகள் எண்ணெயில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்துத்தான் ஊகிக்கின்றன. எண்ணெயின் வகை மாறினால் அவை காட்டும் அளவும் மாறும். அதிலும் தொட்டியில்தான் தோய்க்கிறோம். தேதியை வைத்து மாற்றுவதே என் துணிபு.

எந்தக் காரில் கை வைக்கக்கூடாது

ஹைப்ரிட், மின்சாரக் கார்கள் பலவற்றில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் அழுத்தப் பம்பு இருக்கிறது. அவற்றில் எண்ணெய் மாற்ற, காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் வேண்டும். அதைத் தெரிந்த பட்டறைக்கே விடுங்கள். கசிவு இருக்கிற காரையும், பெடல் ஏற்கெனவே மெல்ல இறங்குகிற காரையும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அங்கே பழுது வேறு.

ஏபிஎஸ் உள்ள சாதாரணக் காரில் வீட்டிலேயே தாராளமாக மாற்றலாம். ஏபிஎஸ் பெட்டிக்குள் மூடியிருக்கும் சில சிறு அறைகளில் பழைய எண்ணெய் கொஞ்சம் தங்கும், அவ்வளவுதான். ஆனால் தொட்டி வற்றி அந்தப் பெட்டிக்குள் காற்று போய்விட்டால், அதை வெளியேற்றப் பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் முடியாது. ஆகவே இந்த வேலையில் ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால், தொட்டியை வற்ற விடாதே என்பதுதான்.

வேலைக்குப் போவோம்

வாங்க வேண்டியது: சீல் உடையாத ஒரு லிட்டர் எண்ணெய், ப்ளீடர் நிப்பிளில் (ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் எண்ணெயை வெளியே விடும் சிறு திருகு) இறுக்கமாக உட்காரும் ஒளி ஊடுருவும் ரப்பர் குழாய், ஒரு பழைய தண்ணீர் பாட்டில், பெரிய ஊசிக்குழல், ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. நிப்பிள் பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர் கேட்கும். சிறிய காருக்கு எண்ணெய்ச் செலவு ஐம்பது வெள்ளிக்குள் அடங்கிவிடும். பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டில் வேண்டவே வேண்டாம். திறந்த நாளிலிருந்து அதுவும் ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டு வாசல்கள் சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும், தரையில் பளபளப்பான ஓடு வேறு. ஜாக்குக்கு இரண்டுமே ஆகாது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கை நீட்டக்கூடாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தரைவீடு வைத்திருக்கும் மச்சானோ சித்தப்பாவோ இதற்குத்தான் இருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

நிப்பிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதன் தலையில் இருக்க வேண்டிய ரப்பர் தொப்பி பல கார்களில் காணாமல் போயிருக்கும். மழைத் தண்ணீர் துளைக்குள் புகுந்து திருகைத் துருவால் பிடித்திருக்கும். பினாங்கில் கடற்கரையை ஒட்டி ஓடும் கார்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் ரிங் ஸ்பேனரை முழுதாக உட்கார வைத்து, நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அசைத்து, பிறகு திறங்கள். வாய் திறந்த ஸ்பேனர் போட்டால் முனைகள் மழுங்கிவிடும். சற்றும் அசையாத நிப்பிளோடு மல்லுக்கட்டாதீர்கள். அது உடைந்தால் காலிப்பரையே கழற்ற வேண்டி வரும். நான்கும் இளகுகின்றன என்று தெரிந்த பிறகே எண்ணெயைத் தொடுங்கள்.

தொட்டியின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, பழைய எண்ணெயை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுங்கள். தொட்டியின் அடித்துளைகள் வெளியே தெரியும் அளவுக்கு உறிஞ்ச வேண்டாம். புது எண்ணெயை மேல்கோடு வரை நிரப்பி மூடியைச் சும்மா மேலே வையுங்கள். பெயின்டில் ஒரு சொட்டு பட்டாலும் துடைப்பதைவிட உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவதே நல்லது. துடைத்தால் அது பரவும்.

எந்தச் சக்கரம் முதலில் என்பதில் இணையக் காணொளிகள் நம்மைக் குழப்பும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குவது பழைய வழக்கம். அமெரிக்கக் காரில் ஓட்டுநர் இடப்பக்கம் இருப்பதால் அவர்கள் பின் வலதில் தொடங்குகிறார்கள். நம் காரில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருக்கிறது. ஆகவே பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. சில நிறுவனங்களின் வரிசை இதற்கு மாறாக இருக்கும். குறுக்காக இணைத்த குழாய் அமைப்புக்கு ஒரு வரிசை, சில ஹோண்டா மாடல்களுக்கு முன்சக்கரத்திலிருந்து தொடங்கும் வரிசை. கையேட்டில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எஞ்சினை நிறுத்தியே இதைச் செய்ய வேண்டும். குழாயின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை பாட்டிலுக்குள் கொஞ்சம் பிரேக் எண்ணெயில் மூழ்கியிருக்கட்டும். ஒருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில், இன்னொருவர் ஓட்டுநர் இருக்கையில். கீழே அப்பா, மேலே மகள் என்றால் பேச்சு இப்படிப் போகும்.

"மிதிம்மா."

"மிதிச்சிட்டேன்ப்பா."

"அப்படியே பிடி, விடாத." நிப்பிள் கால் சுற்று திறக்கிறது, குழாயில் எண்ணெய் பாய்கிறது, பெடல் இறங்குகிறது. நிப்பிள் மூடுகிறது. "மூடிட்டேன். இப்ப விடு."

கடைசிச் சொல் காதில் விழும் வரை பெடலில் இருப்பவர் காலை எடுக்கவே கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது கால் எழுந்தால் திருகின் புரி வழியாகக் காற்றை உள்ளே இழுத்துவிடும். அதனால்தான் தலையை ஆட்டுவதும் "ம்" கொட்டுவதும் போதாது, ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பெடலை அடி வரை மிதிக்க விடாதீர்கள். அதற்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிடுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத அடிப்பகுதியில் துருவும் பிசுக்கும் படிந்திருக்கும். சீல் அங்கே உரசினால் கிழியும். நேற்று வரை நன்றாக இருந்த பிரேக் எண்ணெய் மாற்றிய மறுநாள் இறங்கத் தொடங்கியது என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதலில் வருவது தேயிலைச் சாயம் இறங்கிய நிறத்தில் இருக்கும், சில கார்களில் அதைவிடக் கறுப்பு. சில மிதிகளுக்குப் பிறகு குழாயில் எல்லை தெரியும், கறுத்ததன் பின்னால் வெளிறிய எண்ணெய் வரும். எல்லை தெரிந்த உடனே நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் விடுங்கள். பின்சக்கரத்துக்கு 200 மில்லிலிட்டர் வரை, முன்சக்கரத்துக்கு 100 முதல் 150 வரை என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டரில் சிறிய கார் முடிந்து மிச்சமும் இருக்கும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை தொட்டியைப் பார்த்து நிரப்புங்கள். பக்கத்தில் பிள்ளைகள் யாராவது நின்றால் தொட்டியைப் பார்க்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுக்கலாம், ஆனால் எண்ணெயைத் தொட விடாதீர்கள், கண்ணில் பட்டால் எரியும்.

ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டியிருந்தால் கையால் இழுக்கும் வெற்றிடப் பம்பு கிடைக்கிறது. அதில் குழாயில் குமிழ் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பெரும்பாலும் அது நிப்பிளின் புரி வழியாக வரும் வெளிக்காற்று. எந்தக் கருவியும் இல்லாமல் நிப்பிளைத் திறந்துவிட்டு எண்ணெயைத் தானாக இறங்க விடும் முறையும் உண்டு. மெதுவானது, பொறுமை உள்ளவருக்கு நல்லது, சீலுக்கும் தீங்கில்லை.

ஒவ்வொரு சக்கரம் முடிந்ததும் நிப்பிளை இறுக்குங்கள். 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் அது கேட்கும். சிறிய ஸ்பேனரில் மணிக்கட்டு விசை போதும், தோள் விசை வேண்டாம். சுற்றியுள்ள எண்ணெயைக் கழுவித் துடைத்து, தொப்பியை மாட்டுங்கள். தொலைந்த தொப்பிகளை உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்குங்கள், சில்லறைக் காசுதான்.

கிளம்புவதற்கு முன்

எஞ்சினை இயக்காமல் பெடலைப் பலமுறை மிதியுங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். பிறகு மிதித்துப் பிடித்தபடி எஞ்சினை இயக்கினால் பெடல் கொஞ்சம் இறங்கும். அது, மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். அதன்பின் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் அதே உயரத்தில் நிற்க வேண்டும். மெல்லக் கீழே போனால் கசிவு இருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. முதல் மிதிக்கு ஆழமாகப் போய் இரண்டாம் மூன்றாம் மிதிக்கு உயர்ந்தால் காற்று இருக்கிறது. மறுபடி ஒரு சுற்று எடுங்கள். இவற்றில் எது சரியில்லை என்றாலும் கார் வாசலைத் தாண்டக்கூடாது, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

எல்லாம் சரி என்றால் கழற்றிய சக்கரங்களை மாட்டி நட்டுகளை உரிய அளவுக்கு இறுக்கி, தாமானுக்குள்ளேயே நடை வேகத்தில் நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். திரும்பி வந்து நான்கு நிப்பிளையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். ஈரம் படக்கூடாது. இன்றைய தேதியையும் ஓடிய தூரத்தையும் ஒரு ஒட்டுத்தாளில் எழுதிப் பானெட்டின் உட்பக்கம் ஒட்டிவிட்டால், அடுத்த முறை பட்டறையில் யார் கேட்டாலும் காட்டலாம். கியர் மாற்றி ஓட்டும் காராக இருந்தால் கிளட்ச் எண்ணெயும் சில மாடல்களில் இதே தொட்டியிலிருந்துதான் போகிறது. அதற்கும் தனி நிப்பிள் உண்டு. அதையும் இன்றே முடித்துவிடுங்கள்.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. நம் தாமான் சாக்கடை ஆற்றில்தான் போய்ச் சேருகிறது. எஞ்சின் எண்ணெயோடு கலக்காமல் தனிப் பாட்டிலில் மூடி, பழக்கமான பட்டறையில் கொடுத்தால் தங்கள் கழிவோடு சேர்த்து அனுப்புவார்கள். அந்தப் பாட்டிலை நீச்சல்குளத்துக்குப் போடும் குளோரின் தூள் இருக்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் சிறிது நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றும். மீந்த புது எண்ணெய்க்கு ஆசைப்பட்டு அடுத்த சர்வீசுக்கு எடுத்து வைக்க வேண்டாம், அதையும் பழையதோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.